பூட்ஸுக்குச் சைபர்

1982 ஏப்ரலில் அலுவலகக் கணக்குகளைக் கணினிக்கு மாற்றப்போகிறார்கள் என்று சொன்னபோது கணக்கெழுதும் மற்ற கிராணிகள் முணுமுணுத்தார்கள். பிரிஜட் லாசரஸ் மட்டும் சந்தோஷப்பட்டாள். பதினேழு வருஷமாக அவள் எழுதிவந்த செலவுப் பேரேடு ஒரு கைக்குழந்தையின் கனம் இருக்கும். அதை இறக்கி ஏற்றியே அவளுடைய வலது தோளில் வலி குடியேறியிருந்தது. மாதக் கடைசியில் கூட்டல் ஐந்து காசு உதைத்தால் அந்த ஐந்து காசைத் தேடி மூன்று நாள் போகும்.

"அது ஒழிஞ்சா எனக்கு நிம்மதி லா" என்று எல்லோர் காதிலும் விழும்படியே சொன்னாள்.

நகரத்து வடிகால்களையும் சாலையோரப் புல்வெளிகளையும் பார்த்துக்கொள்ளும் அரசாங்கப் பிரிவு அது. வெளியே இறங்கி வேலை செய்கிற நாள் சம்பளக்காரர்களில் பாதிப் பேர் தமிழர்கள். மேலே, மின்விசிறிகள் சுற்றும் நீண்ட அறையில், கணக்குப் பகுதி இருந்தது. ஒவ்வொரு வருஷமும் எந்தெந்தச் செலவினத்துக்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்று அரசாங்கம் பணம் ஒதுக்கும். ஒதுக்கியதற்கு மேல் ஒரு காசும் போகாமல் பார்ப்பது பிரிஜட்டின் வேலை.

புதிய முறையில் ஒவ்வோர் இனத்துக்கும் மூன்று இலக்க எண் கொடுத்தார்கள். வடிகால் தொழிலாளர்களின் ரப்பர் பூட்ஸ் 417. அலுவலகக் கட்டடப் பராமரிப்பு 471. இப்படி இருநூற்றுச் சொச்சம் எண்கள். செலவுச் சீட்டு வந்ததும், கட்டம் போட்ட படிவத்தில் எண்ணையும் தொகையையும் பேனாவால் நிரப்ப வேண்டும். வெள்ளிக்கிழமை தோறும் படிவங்கள் வேனில் கணினி மையத்துக்குப் போகும். அங்கே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து அவற்றைத் தட்டி ஏற்றுவார்கள். படிவங்கள் கட்டாகத் திரும்பி வரும். இரண்டு வாரம் கழித்து, பச்சைப் பட்டை போட்ட மடிப்புக் காகிதத்தில் கணக்கு வந்து சேரும். கூட்டல் எல்லாம் அச்சுப் பிசகாமல் இருக்கும். பிரிஜட் முதல்முறை அதை விரித்துப் பார்த்தபோது, பண்டிகைக்குப் புடவை விரித்துப் பார்க்கிறவளைப்போல இரண்டு கையாலும் தடவிப் பார்த்தாள்.

செப்டம்பரில் அடுத்த வருஷத்து வரவுசெலவுத் திட்டத்துக்கும் கணினியே வரைவு போட்டுக் கொடுத்தது. செலவான இனத்துக்குக் கொஞ்சம் கூட்டியது. செலவே ஆகாத இனத்துக்குச் சைபர் போட்டது. அறுபது பக்கம். நிதி அதிகாரி அப்துல் அலீம் ஒவ்வொரு பக்கத்திலும் சிவப்புப் பென்சிலால் டிக் போட்டு மேலே அனுப்பினார். முன்பெல்லாம் ஆறு வாரம் பிழிந்தெடுக்கிற வேலை, நாலே நாளில் முடிந்தது. அலீம் எல்லோருக்கும் கறிபஃப் வாங்கிக் கொடுத்தார்.

மறு வருஷம் மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மருதப்பன் வந்தார். ஃபேரர் பார்க் வட்டாரத்து வடிகால் தொழிலாளர்களுக்கு அவர்தான் மண்டோர். முப்பது பேரை மேய்க்கிறவர். அலுவலகத்துக்கு வந்தால் வாசலைத் தாண்ட மாட்டார்.

"கிராணியம்மா, கொஞ்சம் வர்றீங்களா?"

"உள்ள வாங்க மண்டோர். ஏன் அங்கயே நிக்கிறீங்க?"

"காலெல்லாம் சேறு. கூட்டுறவங்க என்னத் திட்டுவாங்க."

கையில் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம். பிரித்துக் காட்டினார். ஒற்றை ரப்பர் பூட்ஸ். முன்பக்கம் மீன் வாயைப் போலப் பிளந்திருந்தது. சைக்கிள் டியூபை வெட்டி அதைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள்.

"இது பூவம்மாவோடது. சனிக்கிழமை ஓவன் ரோட்டு லோங்காங்ல சாக்கடைச் சேறு அள்ள எறங்கியிருக்கா. உள்ள உடைஞ்ச போத்தல். உள்ளங்கால்ல ஆறு தையல்."

"புது பூட்ஸ் இந்நேரம் குடுத்திருக்கணுமே?"

"ஸ்டோர்ல கேட்டேன். இந்த வருஷம் பூட்ஸுக்குக் காசு இல்லியாம். கம்ப்யூட்டர் குடுக்கலன்னு சொல்றான்." மருதப்பன் பொட்டலத்தை மறுபடி சுற்றினார். "அந்தக் கம்ப்யூட்டர் எந்த ரூம்ல இருக்காருன்னு சொன்னீங்கன்னா, நானே நேர்ல பார்த்துக் கேட்டுடுவேன்."

விவரம் தெரியாமல் அவர் கேட்கவில்லை. கேலிதான். ஆனால் முகத்தில் சிரிப்பு இல்லை.

பிரிஜட் அவரை உட்காரச் சொல்லிவிட்டுப் பச்சைப் பட்டைக் காகிதத்தைப் புரட்டினாள். இருபத்து மூன்றாம் பக்கம். 417. அதற்கு நேரே சைபர். முந்தின வருஷச் செலவு என்ற இடத்திலும் சைபர். அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. போன வருஷம் நூற்று எண்பத்தாறு ஜோடி வாங்கினார்கள், ஜோடி இருபத்தாறு வெள்ளி. நாலாயிரத்து எண்ணூற்று முப்பத்தாறு வெள்ளி எங்கே போயிற்று?

இரண்டு பக்கம் தள்ளிப் பார்த்தபோது கிடைத்துவிட்டது. 471, கட்டடப் பராமரிப்பு. போன வருஷச் செலவில் அந்தத் தொகை அப்படியே உட்கார்ந்திருந்தது. அதன் பலனாக இந்த வருஷ ஒதுக்கீடும் ஐயாயிரம் ஏறியிருந்தது. மேலே இயக்குநர் தன் அறைக்குக் கம்பளம் விரிக்க விலை கேட்டுக்கொண்டிருப்பது எந்தக் காசில் என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

அலீமிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். ஓய்வுபெற இரண்டு வருஷமே மீதி இருந்த மனிதர். அதிர்ந்து பேசமாட்டார், யாருடைய வம்புக்கும் போகமாட்டார்.

"சென்டர்ல அடிக்கிற பிள்ளைங்க நம்பர மாத்தி அடிச்சிருக்கும். வேற என்ன? அவங்க தப்புன்னு ஒரு லெட்டர் போடுவோம். அத வெச்சு இந்தப் பக்கத்துக் காச அந்தப் பக்கம் மாத்தச் சொல்லிக் கேக்கலாம்."

பிரிஜட்டுக்கும் அப்படித்தான் தோன்றியது. கடிதத்தை அவளே தட்டச்சு செய்தாள். "தரவு ஏற்றும் பணியாளரின் கவனக்குறைவால்" என்ற வார்த்தைகளை அவள் யோசித்துப் போடவில்லை. விரல்கள் தாமாகவே போட்டன. மருதப்பனிடம், ஒரு மாசத்துக்குள் பூட்ஸ் வந்துவிடும் என்று சொல்லி அனுப்பினாள்.

அடுத்த புதன்கிழமை, வேறு கணக்குத் தாள்களை வாங்கிவர அவள் கணினி மையத்துக்குப் போனாள். உள்ளே குளிர் எலும்பைத் துளைத்தது. இயந்திரத்துக்காக அந்தக் குளிர் என்றார்கள். அங்கே வேலை செய்த பெண்கள் எல்லோரும் ஸ்வெட்டர் போட்டிருந்தார்கள். தாள்களைக் கட்டிக் கொடுத்த பெண், ரசீதில் அவள் போட்ட கையெழுத்தைப் பார்த்துவிட்டுத் தயங்கினாள்.

"நீங்கதான் பிரிஜட் அக்காவா?"

"ஆமா. ஏன்மா?"

"எம் பேரு ரபியா. உங்க ஆபீஸ் ஃபார்ம் எல்லாம் நான்தான் அடிக்கிறேன்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அந்த பூட்ஸ் லெட்டர் வந்துச்சு அக்கா. சூப்பர்வைசர் கூப்பிட்டுக் கேட்டாங்க. நான் சரியாத்தான் அடிச்சிருப்பேன்னு நினைக்கிறேன். ஆனா காட்டறதுக்கு எங்கிட்ட ஒண்ணுமில்ல. ஃபார்ம் எல்லாம் உங்ககிட்டத்தான திரும்பி வருது?"

"ஆமா, வருது."

"ஒரு தடவ பாக்குறீங்களா? நான் டெம்பரரி அக்கா. ஜூன் மாசத்தோட ஒப்பந்தம் முடியுது. தப்பெல்லாம் எழுதி வெச்சிருப்பாங்க."

இருபத்திரண்டு வயது இருக்கும். கெஞ்சவில்லை, கண் கலங்கவும் இல்லை. ஒரு வேலை சொல்வதைப் போலத்தான் சொன்னாள். பிரிஜட் "பார்க்கிறேன்" என்று கொஞ்சம் வறட்டுக் குரலிலேயே சொல்லிவிட்டு வந்தாள். தப்புச் செய்கிறவர்கள் எல்லோரும் சொல்கிற பேச்சுத்தானே இது என்று பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொண்டாள்.

இருந்தாலும் மறுநாள் மதியம், எல்லோரும் சாப்பிடப் போனபிறகு, சாமான் அறையைத் திறந்தாள். போன வருஷ மே மாதக் கட்டை எடுத்து அவிழ்த்தாள். ஒன்பதாவது தாளில் பூட்ஸ் இருந்தது. தொகை 4,836.00. எண் 471.

அவளுடைய கையெழுத்துத்தான். கான்வென்டில் மதர் பழக்கிவிட்டபடி, ஏழின் வயிற்றில் ஒரு குறுக்குக் கோடு. அதை ஒன்று என்று யாராலும் படித்திருக்க முடியாது. அதற்கு முந்தின வரியில் கூரை ஒழுக்கு அடைத்த செலவு, அதுவும் 471. அந்த வாரம் சின்ன மகளுக்கு அம்மை போட்டிருந்தது. ஒரு நாளைக்கு இருநூறு சீட்டு எழுதிக்கொண்டிருந்தாள். மேல் வரியில் எழுதியதையே கை கீழ் வரியிலும் எழுதிவிட்டது.

பிரிஜட் அந்தத் தாளைக் கட்டிலிருந்து உருவினாள். கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தாள். அப்படிப் பார்த்தோமே என்பதுதான் பின்னால் அவளுக்கு அதிக வெட்கமாக இருந்தது. தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு கட்டைப் பழையபடி கட்டினாள்.

சனிக்கிழமை அரைநாள் வேலை. அவளுடைய கணவன் லாசரஸ் செம்பவாங் கப்பல் பட்டறையில் ஃபிட்டர். இருவரும் தேக்கா சந்தையில் சந்தித்து மீனும் காய்கறியும் வாங்கிக்கொண்டு கீழே கோப்பி குடிப்பது வழக்கம். அன்று கோப்பி வந்ததும் தாளை எடுத்து மேசைமேல் வைத்து, நடந்ததைச் சொன்னாள்.

லாசரஸ் தாளைத் தொடவில்லை. "யாராச்சும் கேட்டாங்களா?"

"இல்ல."

"அப்ப இருந்த எடத்துலயே வெச்சிடு. பூட்ஸ் எப்படியும் வரப்போகுது. யாரு தப்பு பண்ணா என்ன, பூவம்மா கால் ஆறிடும்."

"பூவம்மாவுக்காகச் சொல்லலீங்க. அந்தப் பொண்ணுக்கு வேல போயிடும்."

"ஜூன்ல உனக்கு ப்ரமோஷன் இன்டர்வியூ. அங் மோ கியோல வாங்கப்போற வீட்டுக்குப் பணம் கட்டணும். நாலு பேரு ரெண்டு ரூம்ல எத்தன நாளு இருக்கறது?" குரலை உயர்த்தாமல்தான் கேட்டான். "நீ வேணும்னு செய்யலயே. மெஷின் மேல பழி போட்டா மெஷின் அழவா போகுது?"

"மெஷின் மேல போடலீங்க. ரபியா மேல போட்டேன். நான்தான் டைப் பண்ணேன்."

லாசரஸ் கோப்பியைக் குடித்து முடித்தான். அதன் பிறகு வீடு வரும்வரை அவன் மீன் விலையைப் பற்றி மட்டும் பேசினான்.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் என்ன பிரசங்கம் செய்தார் என்று கேட்டால் பிரிஜட்டால் சொல்லியிருக்க முடியாது. வீடு வேண்டும், சம்பள உயர்வு வேண்டும். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ரபியாவுக்கு வேறு வேலை கிடைக்கலாம், இளம்பெண்தானே என்றும் எண்ணிப் பார்த்தாள். எவ்வளவு எண்ணிப் பார்த்தாலும், "ஒரு தடவ பாக்குறீங்களா?" என்று கேட்டவளிடம் "பார்த்தேன்" என்று சொல்லாமல் எப்படி இருப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை அலீமின் மேசையில் தாளை விரித்து வைத்தாள்.

"சார், இது என் கை. சென்டர்ல சரியாத்தான் அடிச்சிருக்காங்க."

அலீம் தாளைத் தம் பக்கம் இழுத்தார். "இத வேற யாரு பார்த்தா?"

"என் வீட்டுக்காரரு. இப்ப நீங்க."

"லெட்டர் போயிடுச்சே, பிரிஜட். நம்ம தப்புன்னா காசு மாத்தறதுக்கு நூறு கேள்வி வரும். கார்ப்பெட்டுக்கு மேல சரின்னு சொல்லிட்டாங்க. உங்க இன்டர்வியூ வேற."

"தெரியும் சார். இன்னொரு லெட்டர் போடணும். நீங்க சொன்னா நானே டைப் பண்றேன்."

"வெச்சிட்டுப் போங்க" என்றார்.

அன்று முழுக்க அவர் அறைக் கதவு சாத்தியே இருந்தது. பிரிஜட் செலவுச் சீட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தாள். ஒவ்வோர் எண்ணையும் இரண்டு தடவை பார்த்தாள். மதியம்வரை முப்பதுகூடத் தாண்டவில்லை. நான்கு மணிக்கு அலீம் கூப்பிட்டார். மேசையில் போன வருஷத்து வரைவு, இருபத்து மூன்றாம் பக்கம் திறந்திருந்தது. சைபருக்குப் பக்கத்தில் அவருடைய சிவப்பு டிக்.

"முப்பத்தோரு வருஷ சர்வீஸ். லோங்காங் கழுவுற ஆபீஸ்ல பூட்ஸுக்குச் சைபர்னு போட்டிருக்கு. நான் அதுக்குப் பக்கத்துல டிக் போட்டிருக்கேன்." அவர் ஒரு தாளை அவள் பக்கம் தள்ளினார். "அறுபது பக்கத்த ஒரே மத்தியானத்துல பார்த்தேன். பார்த்தேன்னு சொல்றதே பொய்."

அவர் கையால் எழுதிய கடிதம். முந்தின கடிதத்தைத் திரும்பப் பெறுவதாகவும், தவறான எண்ணை எழுதியது தம் அலுவலகமே என்றும், வரைவைச் சரிபார்த்த தாமும் அதைக் கவனிக்கவில்லை என்றும், கணினி மையப் பணியாளர்மீது எந்தக் குற்றமும் இல்லை என்றும் இருந்தது. அவர் தம்மைப் பற்றி எழுதியிருந்த வரியைப் பிரிஜட் இரண்டு தடவை படித்தாள். அதை அவள் கேட்கவில்லை.

"சார், இந்த வரி வேணாமே."

"டைப் பண்ணுங்க" என்றார் அலீம்.

இயக்குநர் இருவரையும் பத்து நிமிஷம் நிற்க வைத்தே பேசினார். கம்பளம் நின்றுபோனது. அமைச்சு மூன்று முறை விளக்கம் கேட்டது. மூன்று முறையும் பிரிஜட்டே பதில் தட்டச்சு செய்தாள். பணம் இனம் மாற ஜூன் கடைசியாயிற்று. ஜூலை இரண்டாம் வாரம் பூட்ஸ் வந்து இறங்கியது. பூவம்மா அதற்குள் வேலைக்குத் திரும்பியிருந்தாள். புதுப் பூட்ஸ் ஒரு அளவு பெரியது என்று மருதப்பன் குறை சொல்ல வந்தார். மாற்றிக் கொடுத்தார்கள்.

பிரிஜட்டின் கோப்பில் ஓர் எச்சரிக்கைக் கடிதம் ஏறியது. நேர்முகத் தேர்வுக்கு அவளை அழைத்தார்கள், ஆனால் தேர்ந்தெடுக்கவில்லை. இதைச் சொன்ன அன்று லாசரஸ் சாப்பிட்டதும் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுக்கப் போனான். மறுநாளும் அப்படித்தான். மூன்றாம் நாள், பட்டறையில் மிகைநேர வேலைக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்ததாகச் சொன்னான். "வீடு ஒரு வருஷம் தள்ளிப் போகும், அவ்வளவுதான" என்றான். அது சமாதானமா கோபமா என்று அவள் கேட்கவில்லை.

ரபியாவின் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்கள். ஆகஸ்டில் மையத்துக்காரர்கள் கூட்டம் ஒன்று போட்டு, இப்படி மறுபடி நேராமலிருக்க என்ன செய்யலாம் என்று எல்லா அலுவலகங்களையும் கேட்டார்கள். பெரியவர்கள் நிறையப் பேசினார்கள். பிரிஜட் கடைசியில் எழுந்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், சுருக்கமாகச் சொன்னாள்: எண்ணை மட்டும் அச்சடித்தால் கண் ஏமாந்துவிடும், எண்ணுக்குப் பக்கத்தில் செலவின் பெயரையும் அச்சடித்து, கணக்கில் ஏற்றும் முன்னால் எழுதினவரிடமே ஒருதரம் திருப்பி அனுப்புங்கள். '471, கட்டடப் பராமரிப்பு' என்று வந்திருந்தால் பூட்ஸ் சீட்டைக் கையில் வைத்திருக்கிறவள் அன்றைக்கே பிடித்திருப்பாள்.

அதைச் செய்ய ஒரு வாரம் போதும் என்றார் அங்கிருந்த புரோகிராமர். செய்தும் விட்டார்கள். அப்படி வந்த முதல் பட்டியலில் பிரிஜட் பதினோரு தப்புகளைக் கண்டுபிடித்தாள். மூன்று அவளுடையவை.

அந்தச் செப்டம்பரில் வரைவு வந்தபோது, அலீமும் அவளும் எதிரெதிரே உட்கார்ந்து அறுபது பக்கத்தையும் வாய்விட்டுப் படித்தார்கள். ஒருவர் எண், ஒருவர் பெயர். சைபர் வந்த இடத்தில் எல்லாம் ஏன் என்று எழுதினார்கள். நாலு நாள் வேலை ஒன்பது நாள் ஆயிற்று. ஆனாலும் ஆறு வாரத்தை நினைத்தால் அது ஒன்றுமில்லை என்று பிரிஜட் சொன்னாள். கணினிமேல் அவளுக்கிருந்த பிரியம் கொஞ்சமும் குறையவில்லை.

அலீம் 1985இல் ஓய்வுபெற்றார். அதே வருஷம் பிரிஜட்டுக்குப் பதவி உயர்வு வந்தது. அங் மோ கியோ வீட்டுக்கும் குடிபோனார்கள். ஒன்பதாவது மாடி, சமையலறை ஜன்னலில் நல்ல காற்று. பிறகு அலுவலகத்திலேயே திரை வைத்த கணினி வந்தது. இந்த மாசம் இந்த இனத்தில் எவ்வளவு மிச்சம் என்று விசையைத் தட்டினால் அங்கேயே தெரிந்தது. படிவம் போய் வேனில் திரும்பி வரும் கதை முடிந்தது.

ரபியாவின் கல்யாணம் 1987இல் நடந்தது. அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பந்தல். பிரிஜட்டும் லாசரஸும் போயிருந்தார்கள். பெண்ணின் தாயார் மைமூன் எல்லோரையும் வரவேற்றுக்கொண்டிருந்தவர், பிரிஜட்டைப் பார்த்து, "நீங்க ரபியாவுக்கு எப்படிப் பழக்கம்மா?" என்று கேட்டார்.

பிரிஜட் பதில் தேடுவதற்குள், அலங்காரத்தோடு உட்கார்ந்திருந்த ரபியாவே எட்டிப் பார்த்துச் சொன்னாள். "அவங்க எழுதுவாங்கம்மா, நான் அடிப்பேன். அஞ்சு வருஷப் பழக்கம்."

"அப்ப வேலைக் கூட்டாளின்னு சொல்லு" என்று மைமூன் அவர்களைக் கையைப் பிடித்து அழைத்துப்போய் உட்கார வைத்தார். பிரியாணி தட்டில் வந்தது. லாசரஸ் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.